சந்திரனில் குகை இருக்கிறதா, அதற்குள் மனிதர் இருக்கலாமா?

திருகோணமலையிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "சந்திரனில் குகை கண்டுபிடித்துவிட்டார்களாம், உள்ளே 17 பாகைதானாம், மனிதர் அங்கே குடியேறப் போகிறார்களாம். காணொளியில் பார்த்தேன். உண்மையா? எங்கட கன்னியா வெந்நீரூற்று மாதிரிச் சந்திரனுக்கு உள்ளேயும் சூடு இருக்கிறதா? இலங்கையில் இப்படிக் குகை எங்கேயாவது உண்டா?" மூன்று கேள்விபோலத் தெரிந்தாலும் தம்பி அறிய விரும்புவது ஒன்றுதான். இந்தக் கதையில் படம்பிடித்துப் பார்த்தது எவ்வளவு, கணக்குப் போட்டுச் சொன்னது எவ்வளவு? அந்தக் கோட்டைக் காணொளிக்காரர்கள் அழித்துவிடுகிறார்கள். அதைத் திரும்பவும் கீறிக் காட்டப் பார்க்கிறேன்.

ஊர்க் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கன்னியாவுக்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. ஏழு கிணற்றுக்கும் வெப்பநிலையில் சிறு வித்தியாசம் இருப்பது மேலே வரும்போது நீர் கலக்கும் அளவைப் பொறுத்தது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. லாவா ஓடி உண்டாகும் குகை அதில் கிடையாது. யாழ்ப்பாணத்து நிலாவரை போன்றவை சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்ததால் வந்தவை. அது முற்றிலும் வேறு வேலை. உண்மையான லாவாக் குகை பார்க்க வேண்டுமென்றால் மொரிசியஸ் போன்ற எரிமலைத் தீவுக்குப் போக வேண்டும். சந்திரனுக்குள் சூடு உண்டு, ஆனால் சொற்பம். அப்பல்லோ 15, 17 பயணங்களில் நிலத்தைத் துளைத்து வைத்த வெப்பமானிகள் காட்டியது சதுர மீற்றருக்கு முறையே 21, 16 மில்லிவாற்று மட்டுமே. பூமியின் கண்டப் பகுதிகளில் அது சராசரியாக 65 அளவில் இருக்கும். ஆகவே அந்த 17 பாகை சந்திரனின் உட்சூட்டால் வருவதல்ல. எதனால் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லாவாக் குழாய் உருவாகும் முறை பூமியில் நேரடியாகப் பார்த்து அறிந்த விடயம், சந்தேகமில்லை. பசால்ற்று எனும் கறுத்த எரிமலைப் பாறையின் இளகிய குழம்பு சரிவில் ஓடும்போது மேற்பரப்பு முதலில் குளிர்ந்து ஓடாக இறுகுகிறது. ஓடு வெப்பத்தை வெளியே விடாததால் கீழே குழம்பு தொடர்ந்து ஓடும். ஊற்று நின்றதும் மிச்சக் குழம்பு வடிந்து போக, உள்ளே வெற்றுக் குழாய் நிற்கும். ஹவாயிலுள்ள கசுமுரா குகை இப்படி 65 கிலோமீற்றர் நீளம். அகலமோ பூமியில் பெரும்பாலும் சில மீற்றரிலிருந்து இருபது, முப்பது மீற்றர்வரைதான். சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒன்று என்பதால் கூரையின் எடையும் ஆறில் ஒன்று. 2017இல் வெளியான ஒரு கட்டமைப்புக் கணிப்பு, ஒரு கிலோமீற்றர் அகலக் குழாய்கூட இடியாமல் நிற்கலாம் என்றும், சாதகமான அழுத்த நிலையில் ஐந்து கிலோமீற்றரும் தாங்கும் என்றும் காட்டியது. "சந்திரனுக்குள் ஒரு நகரமே அடங்கும்" என்ற பேச்சின் மூலம் இதுதான். கவனியுங்கள், அந்தக் கணிப்பு சொல்வது இவ்வளவு பெரிதாக இருந்தால் நிற்கும் என்பதை. இவ்வளவு பெரிது அங்கே இருக்கிறது என்பதை அல்ல.

சரி, படத்தில் உள்ளது என்ன? 2009இல் ஜப்பானின் ககுயா விண்கலம் மரியஸ் குன்றுப் பகுதியில் ஐம்பது, அறுபது மீற்றர் அகலமுள்ள ஒரு செங்குத்துக் குழியைப் படம்பிடித்தது. பின்னர் சந்திரனைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் சரிவாகப் படமெடுத்து, சில குழிகளின் விளிம்புக்கு அடியில் வெற்றிடம் உள்நோக்கிப் போவதைக் காட்டியது. 2014 ஆகும்போது இருநூறுக்கு மேற்பட்ட குழிகள் பட்டியலில் வந்துவிட்டன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பங்கு விண்கல் மோதி உருகிய பாறைத் தேக்கங்களில் உள்ள சிறு குழிகள். எரிமலைப் பசால்ற்றுச் சமவெளிகளில் இருப்பவை கைவிரல்களால் எண்ணக்கூடிய அளவே. அதில் பிரபலமானது அமைதிக் கடல் என்று பெயர்பெற்ற சமவெளியிலுள்ள குழி. வாய் நூறு மீற்றர், ஆழம் ஏறத்தாழ 105 மீற்றர். இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே கடலைப் பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அந்தளவு இறக்கம். சுவரில் 3 முதல் 14 மீற்றர் தடிப்புள்ள பாறை அடுக்குகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து லாவா ஓட்டம். இவ்வளவும் படத்தில் உள்ளவை, இதில் வாதமில்லை.

இதற்கு அப்பால் சொல்வதெல்லாம் அனுமானம். அனுமானத்திலும் வலுவானது, வலுவற்றது உண்டு. ககுயாவின் ரேடார் மரியஸ் குழிக்கு அருகே நிலத்துக்கடியில் இரட்டை எதிரொலி கண்டது. வெற்றிடத்தின் கூரையும் தளமும் அப்படித்தான் எதிரொலிக்கும். அந்தக் குழி ஒரு வளைந்த லாவா ஓடையின் நடுவிலேயே அமைந்திருப்பதும் சாதகம். மரியஸில் குழாய் இருப்பதற்கான வாய்ப்பு நல்லது என்றே சொல்வேன். இந்தியாவின் சந்திரயான்-1 படங்களை வைத்து, புயற்பெருங்கடல் என்ற சமவெளியில் ஏறத்தாழ 1.7 கிலோமீற்றர் இடியாத குழாய்ப் பகுதி ஒன்று இருக்கலாம் என 2011இல் எழுதினார்கள். அது இரு பக்கமும் இடிந்த ஓடைக்கு நடுவே இடியாத துண்டைப் பார்த்து எடுத்த முடிவு. கிறெய்ல் இரட்டை விண்கலங்களின் ஈர்ப்பு அளவீட்டிலும் நிறை குறைந்த இடங்கள் தெரிகின்றன. ஆனால் அதன் நுணுக்கம் கிலோமீற்றர் கணக்கில்தான், சிறு குகை அதில் அகப்படாது.

நீங்கள் பார்த்த காணொளி 2024இல் வந்த ஆய்வைப் பற்றியதாக இருக்க வேண்டும். எல்.ஆர்.ஓ.வின் மினி ஆர்எஃப் ரேடார் 2010இல் அமைதிக் கடல் குழியைச் சாய்வாக நோக்கி எடுத்த தரவை இத்தாலிய ஆய்வாளர்கள் மீண்டும் அலசினார்கள். குழியின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்த எதிரொலி, குழி மட்டும் இருந்தால் வரவேண்டியதைவிடப் பிரகாசமாக இருந்தது. கணினியில் பல வடிவங்களை வைத்துப் பார்த்து, அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 45 மீற்றர் அகலமும் 30 முதல் 80 மீற்றர் நீளமும் உள்ள ஒரு வழி இருந்தால் பொருந்துகிறது என்றார்கள். தரமான வேலைதான். ஆனால் இரண்டு விடயம் நினைவில் இருக்கட்டும். முதலாவது, ரேடார் பார்த்தது அந்த எண்பது மீற்றருக்குள்தான்; அதற்கு அப்பால் நீள்கிறதா, இடிபாட்டில் அடைபட்டு முடிகிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை. இரண்டாவது, அந்தக் குழிக்கு அருகே லாவா ஓடை எதுவும் மேற்பரப்பில் தென்படவில்லை. எனவே அது குழாய்தானா, வேறு விதமாக உண்டான வெற்றிடம் இடிந்து திறந்ததா என்பது திறந்த கேள்வி. "குகை" என்று சொல்லலாம். "லாவாக் குழாய்" என்று அடித்துச் சொல்லக் கூடாது.

இனி அந்த 17 பாகை. இதுவும் வெப்பமானி வைத்து அளந்ததல்ல. எல்.ஆர்.ஓ.வின் டிவைனர் கருவி குழியின் அகச்சிவப்புக் கதிரை மேலிருந்து அளந்தது. அதை வைத்து 2022இல் ஒரு கணினி மாதிரி, வெயில் படாத குகைப் பகுதி ஏறத்தாழ 17 பாகையில், ஒரு பாகைகூட ஏறி இறங்காமல் இருக்கும் என்றது. காரணம், பகலில் சூடேறிய குழித்தளமும் சுவர்களும் உள்நோக்கி வெப்பத்தைக் கதிர்க்கின்றன. இரவில் உள்ளே தெரிவது கறுத்த குளிர் வானம் அல்ல, பெரும்பாலும் பாறை. அதனால் வெப்பம் தப்பிப்போவது குறைகிறது. வெளியே நிலம் பகலில் 127 பாகைக்கு ஏறி இரவில் கழித்தல் 173க்கு இறங்குகிறது. குழியின் வெயில் படும் தளமோ நடுப்பகலில் 150ஐ ஒட்டி, மேற்பரப்பைவிடவும் சூடு. ஆக 17 என்பது வாயை அண்டிய நிழலின் கணக்கு. அப்பல்லோ வெப்பமானிகள் ஒரு மீற்றருக்குக் கீழே நிலத்தில் கண்டது கழித்தல் 20 பாகையை ஒட்டியது. குகை கிலோமீற்றர் கணக்கில் உள்ளே போகுமானால் ஆழத்தில் அந்தப் பாறைச் சூடுதான் ஆளும் என்பது என் கருத்து. எப்படியானாலும் காற்றே இல்லாத இடம். சேட்டுப் போட்டுக்கொண்டு உலாவ முடியாது. 17 பாகையால் கிடைக்கும் உண்மையான இலாபம் பற்றரிக்கும் மின்னணுப் பலகைக்கும்தான்: இரவு பதினான்கு நாளும் அவற்றைச் சூடாக வைக்கச் சக்தி செலவழிக்கத் தேவையில்லை.

குகைக்குள் ஏன் போக வேண்டும் என்றால் முதலில் சொல்வது கதிர்வீச்சு. 2019 ஜனவரியில் இறங்கிய சீனாவின் சாங்-இ 4 சந்திரத் தரையில் அளந்தது நாளுக்கு 1,369 மைக்ரோசீவேட். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அரைச் சீவேட். பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பதைப்போல் இருநூறு மடங்கு. நூறு மீற்றர் பாறைக்குக் கீழே இந்தத் தொல்லை இல்லை, விண்கற்துகளும் வந்து விழாது. ஆனால் இதற்காகக் குகைதான் வேண்டும் என்று இல்லை. சந்திர மண்ணின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.7 கிராம் என்று வைத்தால் 6 மீற்றர் மண் சதுர சென்ரிமீற்றருக்கு 1,020 கிராம்; நம் தலைக்கு மேலுள்ள முழு வளிமண்டலத்தின் நிறையும் அவ்வளவுதான். மேற்பரப்பில் ஒரு கூடாரத்தை வைத்து மண்ணைக் குவித்து மூடினாலே அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும். மெல்லிய உலோகச் சுவரை மட்டும் நம்புவதுதான் மோசம், ஏனென்றால் அண்டக் கதிர் அதில் மோதி நியூத்திரன் போன்ற இரண்டாம் கட்டத் துகள்களைக் கிளப்பும். மண்ணைக் குவிக்க ஒரு சிறு தோண்டுபொறி போதும். குகைக்கு இறங்க என்னென்ன வேண்டும் என்று அடுத்துப் பாருங்கள்.

இறங்குவது மனிதரல்ல, முதலில் ஒரு ரொபோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீற்றருக்குள் குறிதவறாமல் தரையிறங்க வேண்டும். ஜப்பானின் ஸ்லிம் 2024 ஜனவரியில் குறியிலிருந்து 55 மீற்றர் அளவில் இறங்கிக் காட்டியது. இறங்கும்போது ஒரு எந்திரத்தின் கூம்பை இழந்து மூக்குக் குப்புற நின்றது வேறு கதை. குழிக்கு மிகக் கிட்ட இறங்கவும் கூடாது. விளிம்பு நேரே செங்குத்தாகத் தொடங்குவதில்லை, அதைச் சுற்றி மண் சரிந்த புனல் வடிவச் சரிவு ஒன்று இருக்கிறது. எந்திரத்தின் புகை அடித்தால் அந்த மண் கிளம்பும். ஆகவே தரையிறங்கியையே நங்கூரமாகத் தொலைவில் நிறுத்தி, ரொபோவை வடத்தில் கட்டி அனுப்புவது வழி. நாசாவின் ஜெட் உந்து ஆய்வகம் அக்செல் என்ற இருசக்கர ரொபோவை வைத்து முன்மொழிந்த மூன் டைவர் திட்டம் இப்படித்தான், 300 மீற்றர் வடத்துடன். அதற்கு நிதி கிடைக்கவில்லை. 300 மீற்றர் தாராளம்போலத் தெரியும். தரையிறங்கியிலிருந்து விளிம்புக்கு 100, இறக்கம் 105, தளத்தைக் கடக்க 50, மீதி 45. குகைக்குள் போக அவ்வளவுதான் வடம்.

வடம் அறுந்து விழும் என்று பயப்படத் தேவையில்லை. அறுபது கிலோ ரொபோவின் எடை அங்கே 97 நியூற்றன், இங்கே பத்துக் கிலோவைத் தூக்குவதுபோல. உண்மையான எதிரி தேய்வு. காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் சந்திர மண்ணின் ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடிபோல் கூர். வடத்தைத் தரையிறங்கியிலிருந்து அவிழ்த்துவிட்டால் அது முழுதும் விளிம்பில் இழுபட்டு உரசும். அதனால் வடச்சுருளை ரொபோவிலேயே வைத்து, போகப்போக அவிழ்த்து விடுவார்கள். வடம் போட்ட இடத்தில் அசையாமல் கிடக்கும். அடுத்த சிக்கல், சுவர் உள்வாங்கிய இடத்தில் ரொபோ அந்தரத்தில் தொங்கும். சக்கரம் எதையும் தொடாது. வடம் முறுக்கவிழ்ந்து ரொபோ சுழலும். கமரா எடுப்பது ஒன்றும் தெளிவாக வராது. இழையை எதிரெதிர் முறுக்காகப் பின்னிய வடம் இதற்கு ஓரளவு மருந்து. விளிம்பிலிருந்து ஒரு கல் உருண்டால் 105 மீற்றர் விழப் பதினொரு வினாடிக்கு மேல் எடுக்கும். ஈர்ப்புக் குறைவு என்று ஆறுதல் கொள்ள முடியாது, தளத்தில் அடிக்கும்போது வேகம் மணிக்கு 66 கிலோமீற்றர். வாய்க்கு நேர் கீழே நிற்பதுதான் மிக ஆபத்தான இடம். படங்களில் பாறைத்துண்டுகள் கிடப்பதும் அங்கேதான்.

சக்தியும் தொடர்பும் அதே வடத்தில் போக வேண்டும். நூறு வாற்றை 28 வோல்ற்றில் அனுப்பினால் 3.6 அம்பியர் ஓடும். 300 வோல்ற்றில் அனுப்பினால் 0.33 போதும், கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். மெல்லிய கம்பி வேண்டுமென்றால் உயர் வோல்ற்றளவு தவிர வழியில்லை. கீழே சூரியத் தகடு வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். குழியை 100 மீற்றர் அகல, 105 மீற்றர் ஆழ உருளையாக எடுத்துக் கணக்கிட்டால், தளத்தின் நடுவுக்கு ஒரு சந்திர நாளில், அதாவது 29.5 பூமி நாளில், நேர் வெயில் கிடைப்பது ஏறத்தாழ நான்கு நாள். அந்த நான்கு நாளும்தான் தளம் 150 பாகையில் கொதிக்கும். சாதாரண மின்னணுப் பாகங்கள் 85 பாகையோடு கையை விரித்துவிடும். ஆக அந்த நாட்களைத் தவிர்த்து, சுவரில் தெறிக்கும் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் வேலை செய்வதே புத்தி. பூமியோடு பேசுவதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்தக் குழி வட 8.3, கிழக்கு 33.2 பாகையில் இருப்பதால் பூமி அங்கே எப்போதும் மேற்கு வானில், அடிவானிலிருந்து 56 பாகை உயரத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். 105 மீற்றர் சுவருக்கு மேலாக அதைப் பார்க்க, மேற்குச் சுவரிலிருந்து 71 மீற்றராவது விலகி நிற்க வேண்டும். தளத்தின் கிழக்கு ஓரம் முப்பது மீற்றருக்குப் பூமி தெரியும். குகை வாய் இருப்பதாகச் சொல்லும் மேற்குப் பக்கத்துக்குத் தெரியாது. வடமோ, விளிம்பில் ஒரு இடைத்தொடர்புக் கருவியோ இல்லாமல் முடியாது. ஐரோப்பிய விண்வெளி முகவரம் ஆராய்ந்த டீடலஸ் என்ற 46 சென்ரிமீற்றர் உருண்டை ரொபோவும் மேலிருந்து ஒரு பாரந்தூக்கி இறக்குவதாகவே திட்டமிடப்பட்டது.

மனிதர் என்றால் இதெல்லாம் பல மடங்கு. ஒவ்வொரு தண்ணீர்த் தாங்கியும் இறங்க வேண்டும், காயப்பட்டவர் ஏற வேண்டும். குகையை அடைத்துக் காற்று நிரப்பலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். 45 மீற்றர் அகலம், 60 மீற்றர் நீளம், உயரம் 20 மீற்றர் என்று வைத்தால் 54,000 கன மீற்றர். பூமியின் அமுக்கத்தில் அதற்கு 65 தொன் காற்று. பசால்ற்று குளிரும்போதே வெடிக்கிற பாறை, அந்த வெடிப்புகள் வழியே காற்று கசிந்து போய்விடும். உள்ளே ஊதிப் பெருக்கும் கூடாரம் அமைப்பதுதான் நடக்கக்கூடியது. இதைவிடப் பெரிய இடைஞ்சல் தண்ணீர். பனிக்கட்டி நிலைத்திருக்கக் கழித்தல் 160 பாகைக்கும் கீழான நிரந்தர நிழல் வேண்டும். அது துருவப் பள்ளங்களில் கிடைக்கிறது. 17 பாகைக் குகையில் பனிக்கட்டி இராது. சந்திரனில் அகலக்கோட்டின் ஒரு பாகை 30 கிலோமீற்றர் என்பதால், இந்தக் குழியிலிருந்து தென்துருவத்துக்குப் போக ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் தென்துருவத்தை நோக்குவது தற்செயல் அல்ல. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: முதலில் குடியேறப் போவது குகையில் அல்ல. குகைக்கு ரொபோ அனுப்பக் காரணம் வீடு தேடுவதல்ல, சுவரில் தெரியும் அந்த அடுக்குகள். இரண்டு லாவா ஓட்டங்களுக்கு நடுவே பழைய மண் அகப்பட்டிருந்தால், முந்நூறு கோடி ஆண்டுக்கு முந்திய சூரியக் காற்று அதற்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மேற்பரப்பில் எங்கு தோண்டினாலும் கிடைக்காத பதிவு அது. இந்த ஒரு காரணத்துக்காகவே மூன் டைவருக்கு நிதி கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

ஊரிலிருந்து குழியைப் பார்க்க முடியுமா என்றால், முடியாது. நூறு மீற்றரை அவ்வளவு தூரத்தில் பிரித்துக் காண்பது ஹபிள் தொலைநோக்கிக்கே எல்லைக் கோடு. ஆனால் இடத்தைப் பார்க்கலாம். வளர்பிறைப் பஞ்சமி அன்று இருளும் ஒளியும் பிரியும் கோடு ஏறத்தாழ அந்தக் குழிக்கு மேலாகவே போகும்; சஷ்டி, சப்தமியில் அமைதிக் கடல் முழுதும் சாதாரண தொலைநோக்கிக் கண்ணாடியிலேயே தெரியும். மரியஸ் குன்றுகளுக்குத் திரயோதசி, சதுர்த்தசி நல்லது. வெயில் அங்கே சாய்வாக விழும்போதுதான் குன்றின் நிழல் நீளும். பௌர்ணமியில் எல்லாம் தட்டையாகிவிடும். ஆறு அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால் அதே இரவுகளில் மரியஸுக்கு வடக்கே அரிஸ்ராக்கஸ் பள்ளத்தின் பக்கத்தில் ஷ்ரோற்றர் பள்ளத்தாக்கைத் தேடுங்கள். லாவா ஓடிய தடத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்க அதைவிட இலகுவான இடமில்லை. இதற்காக இருட்டுத் தேடி நிலாவெளிக்குப் போகத் தேவையில்லை, சந்திரனுக்கு வீட்டு மொட்டைமாடி போதும். கடற்காற்றில் வில்லையில் நீர் படியும். துணியால் துடைக்காமல், முன்னால் ஒரு கறுத்த மட்டைக் குழாயைச் சுற்றிவிடுங்கள்.